82 நிறம் கேட்கும் படம்: நூல் செலவை எங்கே குறைக்கலாம்?

கைவேலை கேள்வி – பதில்

கேள்வி: 14 கவுன்ட் (அங்குலத்துக்கு 14 கட்டம்) ஐடா துணியில் ராதா கிருஷ்ணர் படத்தை கிராஸ் ஸ்டிட்ச்சில் போட ஆசை. 200 கட்டம் அகலம், 250 கட்டம் உயரம், மொத்தம் 50,000 தையல், 82 நிறம். நூல் பட்டியலில் இருப்பதெல்லாம் டி.எம்.சி. கம்பெனியின் நிற எண்கள். அத்தனையும் டி.எம்.சி.யிலேயே வாங்கக் கட்டுப்படியாகாது. ஆங்கர் கம்பெனி நூலுக்கு மாற்றலாமா, இல்லை 447 நிறம் கொண்ட சீன நூல் பெட்டியை வாங்கிவிடலாமா?
– வாசகி, ஈரோடு

பதில்: மாற்றலாம். எந்த நூல் என்று முடிவு செய்யும் முன் ஒரு கணக்குப் போட்டுவிடுங்கள். 14 கவுன்ட்டில் ஒரு கட்டம் 1.8 மி.மீ. முன்பக்கம் இரண்டு சாய்வு, பின்பக்கம் இரண்டு நேர்க்கோடு எனச் சேர்த்தால் ஒரு தையலுக்கு ஏறத்தாழ 9 மி.மீ. நூல் போகும். 8 மீட்டர் கட்டில் 6 இழை. இரண்டிரண்டாகப் பிரித்தால் 24 மீட்டர். தொடக்கம், முடிவு, நூல் தாவும் இடங்கள் எல்லாவற்றுக்கும் தாராளமாகக் கழித்தாலும் கட்டுக்கு 1,800 தையல் வரும். ஆக, 50,000 தையலுக்கு வேண்டியது 28 கட்டு நூல்தான். நீங்கள் வாங்கப்போவதோ குறைந்தது 82 கட்டு. உங்கள் பணத்தைத் தின்பது தையலின் அளவு அல்ல, நிறங்களின் எண்ணிக்கை.

எனவே முதலில் பட்டியலைத் தையல் எண்ணிக்கைப்படி வரிசைப்படுத்துங்கள். புகைப்படத்திலிருந்து கணினி போட்ட வரைபடம் என்றால் 30 தையல்கூட இல்லாத நிறங்கள் கடைசியில் வரிசையாக நிற்கும். அவற்றை அதே குடும்பத்தில், அதே அளவு வெளிச்சம் உள்ள பக்கத்து நிறத்தோடு சேர்த்துவிடலாம். கண்மணியில் விழும் வெள்ளைப் புள்ளி, உதட்டின் ஓரம், மூக்குத்தி ஆகியவற்றில் மட்டும் கை வைக்காதீர்கள். ஆறே தையல் என்றாலும் முகத்துக்கு உயிர் தருவது அதுதான். மற்ற இடங்களில் 15, 20 நிறம் குறைந்தாலும் மூன்றடி தள்ளி நின்று பார்ப்பவருக்குத் தெரியாது.

அடுத்தது ஆங்கர். மாற்று அட்டவணையைப் பார்த்து எண்ணுக்கு எண் வாங்குவதில்தான் பலரும் சறுக்குகிறார்கள். கிருஷ்ணரின் மேனிக்கு டி.எம்.சி.யில் 775, 3325, 3755, 334, 322, 312 என்று வெளிறலிலிருந்து அடர்த்தி வரை ஆறு நீலம் கேட்டிருக்கிறார்கள் என்று வையுங்கள். அட்டவணை இவற்றுக்கு ஆங்கரில் 128, 129, 140, 977, 978, 979 என்று காட்டும். முதல் மூன்றும் ஒரு சாயல், கடைசி மூன்றும் வேறு குடும்பம். தைத்து முடித்தால் கன்னத்துக்கும் கழுத்துக்கும் நடுவே ஒரு கோடு விழுந்தது போலிருக்கும். அதற்குப் பதிலாக 975 முதல் 979 வரையுள்ள ஐந்தையும் ஒரே குடும்பமாக எடுங்கள். ஆறாவது நிறத்துக்கு 976-இல் ஓர் இழையும் 977-இல் ஓர் இழையும் சேர்த்து ஊசியில் கோத்தால் இரண்டுக்கும் நடுவான நீலம் கிடைக்கும். ஒரு கட்டு மிச்சம், சாயலும் கெடாது.

ஒரு குடும்பத்துக்கு ஒரே கம்பெனி என்பதை மட்டும் விடாமல் பிடித்துக்கொள்ளுங்கள். நீலம் முழுக்க ஆங்கர், ராதையின் மேனிக்கு முழுக்க டி.எம்.சி., பின்னணி இலைகளுக்கு மலிவு நூல் என்று பிரிப்பதில் தவறே இல்லை. வாங்கிய நூல்களை வரிசையாக அடுக்கி, ஜன்னலோரப் பகல் வெளிச்சத்தில் கைபேசியில் கறுப்பு வெள்ளைப் படம் எடுங்கள். படிப்படியாகக் கறுத்துக்கொண்டே போக வேண்டும். இரண்டு நூல் ஒன்றாகத் தெரிந்தால் அதில் ஒன்று வீண். படிகளுக்கு நடுவே பெரிய பள்ளம் தெரிந்தால் அங்கே கலப்பு இழை வேண்டும். படம் மாட்டப்போகும் அறையின் விளக்கிலும் ஒருமுறை பாருங்கள். டியூப்லைட்டில் ஒன்றாகத் தெரியும் இரண்டு பச்சை, பகலில் பிரிந்து நிற்பதுண்டு.

சீனப் பெட்டியைப் பொறுத்தவரை, எண்கள் டி.எம்.சி.யினுடையவை என்பதால் தேடும் வேலை மிச்சம். ஆனால் எண் ஒன்றாக இருப்பதால் நிறமும் ஒன்றாக இருக்கும் என்று நம்ப முடியாது. 447 நிறப் பெட்டியில் டி.எம்.சி.யில் 2017-இல் வந்த 01 முதல் 35 வரையிலான நிறங்களும் பெரும்பாலும் இருக்காது. சில தையல்களே கேட்கும் நிறங்களுக்கு இந்தப் பெட்டி நல்ல தேர்வு. பின்னணிக்கு ஏழெட்டுக் கட்டு ஒரே நிறத்தில் தேவைப்பட்டால் அதை மட்டும் நல்ல நூலில், ஒரே நாளில், ஒரே கடையில் வாங்கிவிடுங்கள். பாதியில் தீர்ந்து மறுபடி வாங்கும் மலிவு நூல் முன்னதோடு ஒத்துப்போகாவிட்டால் பின்னணியில் பட்டை பட்டையாகத் தெரியும், அதை மறைக்க வழியில்லை.

கேள்வி: விலை குறைந்த நூலில் போட்ட சிவப்புப் பூ, அலசியதும் வெள்ளைத் துணியில் சாயம் இறங்கிவிட்டது. உப்பும் வினிகரும் போட்டு ஊறவைத்தும் நிற்கவில்லையே, ஏன்?
– வாசகி, நாகர்கோவில்

பதில்: உப்பும் வினிகரும் பருத்தி நூலில் சாயத்தை நிறுத்தாது. நூலில் பிடிக்காமல் மேலே தங்கிய சாயம்தான் தண்ணீரில் இறங்குகிறது. அதை வெளியேற்றுவது ஒன்றே வழி.

இனி சிவப்பு, மெரூன், அடர் நீலம், கறுப்பு எதுவானாலும் தைக்கும் முன் சோதித்துவிடுங்கள். 15 செ.மீ. நூலை வெந்நீரில் நனைத்து, வெள்ளைப் பருத்தித் துணியில் மடித்து வைத்து, ஈரம் காயும் வரை இஸ்திரிப் பெட்டியால் அழுத்துங்கள். கறை பட்டால் அந்தக் கட்டு முழுவதையும் இரண்டு இடத்தில் தளர்வாகக் கட்டி, ஒரு சொட்டுப் பாத்திரம் கழுவும் திரவம் விட்ட வெந்நீரில் அலசுங்கள். தண்ணீர் தெளியும் வரை மாற்றிக்கொண்டே இருங்கள். நாலைந்து தண்ணீருக்குப் பிறகும் சாயம் போனால் அந்த நூலை வெள்ளைத் துணிப் பக்கமே கொண்டுபோகாதீர்கள். சிவப்பு மட்டும் நல்ல கம்பெனியில் வாங்குவது பல மாத உழைப்புக்கு மலிவான காவல்.

ஏற்கெனவே இறங்கிய சாயத்துக்கு: துணி காயக் கூடாது, இஸ்திரி கூடவே கூடாது. சூடு கறையை நிலைக்க வைத்துவிடும். பெரிய வாளியில் நிறையக் குளிர்ந்த நீரும் கொஞ்சம் பாத்திரத் திரவமும் விட்டு மூழ்கவிடுங்கள். தண்ணீர் நிறம் மாறும்போதெல்லாம் மாற்றுங்கள். ஓரிரவு ஆனாலும் பொறுமையாக விடுங்கள்.

கேள்வி: மலிவு நூல் மெல்லியதாக இருப்பதால் தையலுக்கு நடுவே துணி தெரிகிறது. நூலும் பஞ்சு பஞ்சாகப் பிரிகிறது.
– வாசகி, தஞ்சாவூர்

பதில்: இரண்டுக்குப் பதில் மூன்று இழை எடுங்கள், ஆனால் கட்டுக்கு 1,800 தையல் என்ற கணக்கு 1,200 ஆகிவிடும், மலிவு என்பதும் அந்த அளவுக்குக் குறைந்துவிடும். ஓர் இழையை மடித்து வளையத்தில் கோத்துத் தொடங்கும் முறையும் மூன்று இழைக்கு உதவாது. இன்னும் ஆரம்பிக்கவில்லை என்றால் 16 கவுன்ட் துணிக்கு மாறி இரண்டு இழையிலேயே போடுங்கள். படம் சற்றுச் சிறிதாகும், துணி மறையும்.

பஞ்சு பிரிவதற்கு நூலின் நீளம்தான் முக்கியக் காரணம். 45 செ.மீ. வெட்டும் பழக்கத்தை 30 செ.மீ.க்குக் குறையுங்கள். 14 கவுன்ட்டுக்கு 24-ஆம் எண் மொட்டை ஊசி சரி. காது குறுகிய ஊசி ஒவ்வொரு தடவையும் நூலைத் தேய்க்கும். ஆறு இழையையும் சேர்த்து இழுக்காமல் ஒவ்வொன்றாக உருவி எடுத்து, பிறகு சேர்த்துக் கோத்தால் தையல் நன்றாகப் பரவி மூடும்.

கேள்வி: ஆரி வேலைக்கு வாங்கிய பட்டு நூல் நிறைய இருக்கிறது. பருத்தி நூலுக்குப் பதிலாகப் போடலாமா?
– வாசகி, மதுரை

பதில்: முழுப் படத்துக்கு வேண்டாம். ‘சில்க் த்ரெட்’ என்று மலிவாகக் கிடைப்பது பெரும்பாலும் செயற்கை இழை. வழுக்கும், பின்பக்கம் செருகிய முனை உருவிக்கொண்டு வரும், பருத்திக்குப் பக்கத்தில் அதன் மினுமினுப்பு ஒட்டாது. மயிலிறகின் கண், புடவைக் கரை போன்ற சின்ன இடங்களில் அழகாக இருக்கும். அங்கேயும் சாயச் சோதனை உண்டு. வரைபடத்தில் தங்க நிற மெட்டாலிக் நூல் கேட்டிருந்தால், மெல்லிய ஜரிகை நூல் ஒன்றை மஞ்சள் பருத்தி இழை ஒன்றோடு சேர்த்துக் கோத்துப் பாருங்கள். 25 செ.மீ.க்கு மேல் வெட்டினால் ஜரிகை உரிந்துவிடும்.