தட்டினால் பிளக்கும் அடுப்புத் தகடு

கோத்தகிரி தேயிலைத் தொழிற்சாலை ஒன்றில் ஃபிட்டராக இருக்கும் வாசகர் கேட்கிறார்: "ட்ரையர் அடுப்புக்குள் 310 எஸ்.எஸ். (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) தகடு போட்டு மூன்று வருஷம். விறகுச் சூட்டில் ஒரு தொந்தரவும் இல்லை. கசடு எடுக்க அடுப்பை ஆறவிட்டு, சுத்தியலால் ஒரு தட்டுதான் தட்டினேன், பிளந்துவிட்டது. வெல்டு வைத்தால் ஓரத்திலேயே புதுக் கீறல். போலிச் சரக்கா?"

சரக்கின் மேல் பழி போட வேண்டாம். நீங்கள் அனுப்பிய படத்தில் உடைந்த முகம் கற்கண்டு போல மணிமணியாக மின்னுகிறது. உலோகம் என்பது கிரெயின் எனப்படும் பொடிப் படிக மணிகள் ஒட்டிய கட்டி; அந்த கிரெயின் எல்லைகளில் விட்டுப்போன உலோகம் அப்படித்தான் இருக்கும்.

குளிரில் மலைத்தேன் அடியில் சர்க்கரை கட்டுமே, அதே கதை. ஆலையில் தகட்டை 1,050 டிகிரிக்கு மேல் காய்ச்சிச் சட்டென்று குளிர்வித்தபோது, கார்பன் கரைந்தபடியே உள்ளே மாட்டிக்கொண்டது. 310இல் அது 0.25 சதவீதம் வரை இருக்கலாம். நமக்கு நெருப்பான 700 டிகிரி அந்த உலோகத்துக்குக் குளிர். அவ்வளவு கார்பனைக் கரைத்து வைத்திருக்க அதனால் ஆகாது. அணு அடுக்கு தளர்ந்த கிரெயின் எல்லைக்கு கார்பன் நகர்ந்து, ஆறு அணுவுக்கு 23 குரோமியம் அணுவை இழுத்துக் கார்பைடாகக் கட்டுகிறது. நாளாக ஆக அந்தப் புள்ளிகள் கோத்துச் சங்கிலியாகின்றன. 310இல் சிக்மா என்ற இரும்பு-குரோமியக் கட்டியும் 600 முதல் 900 டிகிரிக்குள் சேர்ந்தே வளரும். சூட்டில் இரண்டும் வாலைச் சுருட்டிக்கொண்டிருக்கும். ஆறினால்தான் நொறுங்கும் குணத்தைக் காட்டும்.

கார்பைடு என்றாலே கெட்டது என்றும் இல்லை. உலைக் குழாய்களுக்கான எச்.கே.40 வார்ப்பில் சுமார் 0.4 சதவீதம் கார்பனை வேண்டுமென்றே போடுவார்கள். சூட்டில் இருக்க இருக்க கிரெயினுக்குள் பொடிப்பொடியாகக் கார்பைடு பூத்து, குழாய் தொய்யாமல் தாங்கும். ஆண்டுக்கணக்கில் அந்தப் பொடிகள் பருத்து, எண்ணிக்கையில் குறைந்ததும் பிடி தளரும்.

உங்கள் பழைய தகட்டில் வெல்டு வைப்பது வீண். வெல்டு ஆறும்போது சுருங்கி இழுக்கும். நெகிழ்வு போன தகடு பக்கத்தில் கீறிக்கொள்ளும். தேனை வெந்நீரில் வைத்து இளக்குவது போல, 1,100 டிகிரி அளவில் ஊறவைத்து உடனே தண்ணீரில் முக்கினால் சிக்மாவும் கார்பைடும் கரையும். ஆனால் அதற்காகக் கோயம்புத்தூர் வரை இறங்கி, கோணிப்போன தகட்டோடு மலையேறுவதற்குப் புதுசே மேல். கார்பன் 0.08க்கு மிகாத 310எஸ் கேட்டு வாங்குங்கள். கார்பைடு குறையும்; சிக்மா வரத்தான் செய்யும். அதனால் தகட்டை வெல்டு வைத்து இறுக்காமல், நீள்துளை போட்டு போல்ட்டில் மாட்டுங்கள். கசடைச் சுரண்டியே எடுங்கள். சுத்தியல் வேண்டாம், அதிலும் மார்கழிக் காலையில்.