கேமரா வரவில்லை, குக்கி நிற்கவில்லை: காரைக்குடிப் பக்கத்து டெவலப்பர்களின் கேள்விகளுக்குப் பதில்

கேள்வி (ஆத்தங்குடி): அண்ணே, தரையை கேமராவில் காட்டினால் நம்ம ஊர் பூ டைல்ஸ் பதித்த மாதிரி தெரியும் வெப் ஆப் ஒன்று எழுதுகிறேன். லேப்டாப்பில் ஓடுகிறது. போனில் அனுமதி கேட்கும் பெட்டிகூட வரவில்லை.

பதில்: போனில் 192.168 என்று தொடங்கும் முகவரியைத்தானே அடிக்கிறீங்க தம்பி? கேமரா, மைக், இருப்பிடம் எல்லாம் எச்டிடிபிஎஸ் பக்கத்துக்குத்தான் கிடைக்கும், லோக்கல்ஹோஸ்டுக்கு (ஒரு கருவி தன்னையே குறிக்கும் முகவரி) மட்டும் விலக்கு, அதனால்தான் லேப்டாப்பில் ஓடியது. சாதா எச்டிடிபியில் கேமராவைக் கேட்க உதவும் மீடியாடிவைசஸ் என்ற ஆப்ஜெக்டே இருக்காது, அப்புறம் பெட்டி எங்கிருந்து வரும்? ஆண்ட்ராய்டு என்றால் யூஎஸ்பி கேபிள் மாட்டி ஏடிபி (கணினியிலிருந்து போனுடன் பேசும் டூல்) ரிவர்ஸ் கமாண்ட் கொடுங்கள், போனிலும் லோக்கல்ஹோஸ்ட் என்றே திறக்கலாம். ஐபோனுக்கு எம்கேசர்ட் என்ற டூலை வைத்துச் சான்றிதழ் உருவாக்கி அதன் ரூட் சான்றிதழை போனில் ஏற்றணும். ஏற்றியதோடு விட்டுவிடாதீர்கள். செட்டிங்ஸ், ஜெனரல், அபவுட் என்று போய்க் கடைசியில் இருக்கும் சர்டிஃபிகேட் டிரஸ்ட் செட்டிங்ஸில் அதை ஆன் செய்தால்தான் சஃபாரி நம்பும்.

கேள்வி (கானாடுகாத்தான்): பங்களா ஹோட்டல் ஒன்றின் தளத்தில், வேறு டொமைனில் இருக்கும் எங்கள் புக்கிங் பக்கத்தை ஐஃபிரேமில் (பக்கத்துக்குள் இன்னொரு பக்கம் காட்டும் சட்டம்) வைத்தோம். லாகின் நிற்பதே இல்லை. இருப்பிடமும் கிடைக்கவில்லை.

பதில்: இரண்டும் தனித்தனி விஷயம். 2020-ல் வந்த குரோம் 80 முதல், சேம்சைட் (வேறு தளத்துக்குள் குக்கி போகலாமா என்று சொல்லும் குறிப்பு) எதுவும் சொல்லாத குக்கியை லாக்ஸ் (Lax) என்றே எடுத்துக்கொள்கிறது, வேறு தளத்தின் ஐஃபிரேமுக்குள் அது போகாது. சேம்சைட்டுக்கு நன் (None) என்று போட்டுக் கூடவே செக்யூரும் (Secure) சேர்த்தால் குரோமில் சரியாகலாம், ஆனால் சஃபாரி அதே ஆண்டிலேயே மூன்றாம் தரப்புக் குக்கி மொத்தத்தையும் தடுத்துவிட்டது. சஃபாரியின் டிராக்கிங் தடுப்பை அணைக்கச் சொல்லி விருந்தினருக்கு மெயில் அனுப்பலாமா என்று தோன்றும், தயவுசெய்து வேண்டாம், உங்கள் வசதிக்காக அவர் எல்லாத் தளங்களுக்கும் கதவைத் திறந்து வைப்பதில் நியாயமில்லை. ஹோட்டல் டொமைனிலேயே சப்டொமைன் கேட்டு வாங்கிப் புக்கிங்கை அங்கே ஓட்டுங்கள், இரண்டும் ஒரே தளக் கணக்கில் வந்துவிடும்.

இருப்பிடத்துக்கு, ஹோட்டல்காரர் ஐஃபிரேம் டேகில் அலோ என்று எழுதி ஜியோலொகேஷனைக் குறிப்பிடணும். முகப்பில் உட்கார வைத்தார்கள் என்பதற்காக வளவுக்குள் (உள்முற்றம்) போய்விட முடியாது, வீட்டுக்காரர் தனியாகக் கூப்பிடணும்.

கேள்வி (காரைக்குடி): அண்ணே, கண்டாங்கிச் சேலை விற்கும் தளம் எங்களுடையது. ஐபோன்காரர்களுக்கு மட்டும் கூடையில் போட்டது கொஞ்ச நாளில் காணாமல் போகிறது.

பதில்: பிரவுசரின் லோக்கல்ஸ்டோரேஜில் வைத்திருப்பீங்கம்மா. ஒருவர் ஏழு நாள் சஃபாரியைப் பயன்படுத்தியும் உங்கள் தளத்தில் எதையும் தொடவில்லை என்றால் ஸ்கிரிப்ட் எழுதிய சேமிப்பை அது அழித்துவிடும், இண்டெக்ஸ்ட்டிபி என்ற பிரவுசர் டேட்டாபேஸ் உட்பட. கூடையை சர்வரில் வையுங்கள்.

கேள்வி (தேவகோட்டை): மேக்கில் ஸ்கிரீன்ஷாட் எடுக்கும் டூல் எழுதினேன். வால்பேப்பர் மட்டும் விழுகிறது, விண்டோ ஒன்றுமே இல்லை.

பதில்: 2019-ல் மேக்ஓஎஸ் கேட்டலினா வந்ததிலிருந்து ஸ்கிரீன் ரெக்கார்டிங்குக்குத் தனி அனுமதி வேண்டும், இல்லாவிட்டால் எரர்கூட வராமல் இப்படித்தான் விழும். டெர்மினலில் இருந்து ஓட்டினால் அனுமதி டெர்மினலின் பெயரில்தான் கேட்கப்படும், உங்கள் டூலின் பெயரைப் பட்டியலில் தேடிப் பயனில்லை. ஆன் செய்த பிறகு டெர்மினலை முழுக்க மூடித் திறங்கள். தனி ஆப்பாக்கிய பிறகு ஒவ்வொரு பில்டுக்கும் அனுமதி போகிறது என்றால் கையொப்பம் மாறிக்கொண்டிருக்கிறது, ஒரே சான்றிதழால் சைன் செய்யுங்கள். பழைய பதிவு குழப்பினால் டெர்மினலில் டிசிசியூடில் (tccutil) என்ற கமாண்டுக்கு ரீசெட் ஸ்கிரீன்கேப்ச்சர் என்று கொடுத்து அந்த ஆப்பின் பண்டில் ஐடியையும் (அதன் அடையாளப் பெயர்) சேர்த்து எழுதுங்கள், ஐடி விட்டுப்போனால் எல்லா ஆப்புகளின் அனுமதியும் போய்விடும்.

கேள்வி (பள்ளத்தூர்): ஆண்ட்ராய்டு 13 போன்களில் நோட்டிஃபிகேஷன் போகவில்லை சார்.

பதில்: ஆண்ட்ராய்டு 13-லிருந்து நோட்டிஃபிகேஷனுக்கும் அனுமதி கேட்கணும். ஆப் திறந்த உடனே கேட்காதீர்கள், ஆர்டர் போட்ட பிறகு கேளுங்கள். இரண்டு முறை மறுத்துவிட்டால் பெட்டி மறுபடி வராது, அவரே செட்டிங்ஸுக்குப் போனால்தான் உண்டு.