கார் கேள்வி – பதில்: ஏ.சி. போட்டும் அனல் அடிக்கிறதா?

கேள்வி: ஒன்பது வருடப் பழைய சின்ன கார். மார்ச்சில் ஏ.சி. கேஸ் நிரப்பினேன், மே மாதமே வெறும் காற்று. 'வருஷா வருஷம் கேஸ் போட்டுத்தான் ஆகணும்' என்கிறார் மெக்கானிக். உண்மையா?
– வாசகர், வேலூர்

பதில்: உண்மை இல்லை. கேஸ் எரிந்து தீர்கிற பொருள் அல்ல; மூடிய குழாய்க்குள்ளேயே சுற்றி வருவது. ரப்பர் ஹோஸ் வழியாகக் கொஞ்சம் கசியும்தான். ஆனால் அது தெரிய வருஷங்கள் ஆகும். இரண்டே மாதத்தில் தீர்ந்தால் எங்கோ லீக் இருக்கிறது. அதைக் கண்டுபிடிக்காமல் கேஸ் போடுவது பணத்தைக் காற்றில் விடுவதுதான்.

கேஸ் வெளியேறும்போது கூடவே கம்ப்ரஸர் (கேஸை அழுத்தும் பம்ப்) ஆயிலும் வரும். அதில் தூசி ஒட்டி எண்ணெய்க் கறையாக நிற்கும். முன்பக்கக் கன்டென்சரின் (சூடான கேஸைக் குளிரவைக்கும், ரேடியேட்டர் போன்ற வலை) ஓரங்கள், குழாய் ஜாயின்ட்டுகள், கம்ப்ரஸரை எஞ்சின் பெல்ட்டோடு இணைத்து விடுவிக்கும் கிளட்ச் தட்டுக்குப் பின்புறம் ஆகிய இடங்களில் டார்ச் அடித்துப் பாருங்கள். கேஸ் ஏற்றும் முனையின் மூடியைக் கழற்றி, உள்ளே சோப்புத் தண்ணீர் ஒரு சொட்டு விடுங்கள். நுரை வந்தால் உங்களுக்கு யோகம்: சின்ன வால்வ் பின் ஒன்றை மாற்றினால் வேலை முடிந்தது.

வெளியே எங்கும் கறை இல்லையென்றால் டேஷ்போர்டுக்குள் இருக்கும் கூலிங் காயில் மேல் சந்தேகப்படலாம். ஏ.சி.யையும் பிளோயரையும் அணைத்து, கால் மணி நேரம் கழித்து, தண்ணீர் சொட்டும் டிரெயின் குழாய் வாயில் எலெக்ட்ரானிக் லீக் டிடெக்டரைக் காட்டச் சொல்லுங்கள். கேஸ் காற்றைவிடக் கனமானது, கீழேதான் தேங்கும்.

பழுது பார்த்த பிறகு செய்யும் வேலையில்தான் பல இடங்களில் கோட்டை விடுகிறார்கள். ஜாயின்ட்டைப் பிரித்தால் ஓ-ரிங் (ரப்பர் வளையம்) புதிது, ஈரத்தை உறிஞ்சும் டிரையரும் புதிது. குறைந்தது 30 நிமிடம் வாக்யூம் போட வேண்டும், அதாவது குழாய்க்குள் இருக்கும் காற்றையும் ஈரத்தையும் பம்ப் வைத்து உறிஞ்சி எடுக்க வேண்டும். பிறகு பம்பை நிறுத்தி 15 நிமிடம் பிரஷர் கேஜின் முள்ளைக் கவனிக்க வேண்டும். முள் ஏறினால் லீக்கோ ஈரமோ இன்னும் இருக்கிறது. வாக்யூம் போடாமல் கேஸ் ஏற்றினால் உள்ளே சிக்கிய காற்று பிரஷரை ஏற்றிவிடும். ஈரம் அமிலமாகி உலோகத்தை அரிக்கும்.

கேஸை எடை போட்டுத்தான் ஏற்ற வேண்டும். பானட்டுக்குள் ஒட்டியுள்ள ஸ்டிக்கரில் கேஸின் வகையும் (ஆர்-134ஏ போல) கிராம் அளவும் இருக்கும். சின்ன கார்களில் பெரும்பாலும் 350 முதல் 450 கிராம்தான். 50 கிராம் கூடினாலே கூலிங் குறையும். கன்டென்சரை மாற்றினால் அதோடு போன ஆயிலையும் அதே வகையில், சர்வீஸ் மேனுவல் சொல்லும் அளவில் சேர்க்க வேண்டும்.

'கேஜில் பிரஷர் காட்டுது, கேஸ் ஃபுல்லா இருக்கு' என்று மெக்கானிக் சொன்னால், எஞ்சின் ஓடும்போது பார்த்தாரா என்று கேளுங்கள். எஞ்சின் நின்றிருக்கையில் 35 டிகிரி வெயிலில் ஆர்-134ஏ சுமார் 115 பி.எஸ்.ஐ. (அழுத்தத்தின் அலகு) காட்டும். உள்ளே கொஞ்சம் திரவம் மிச்சமிருந்தாலும் அதே முள்தான், முழுக்க இருந்தாலும் அதே முள்தான்.

கேள்வி: பைபாஸில் ஓடும்போது ஜில்லென்று இருக்கிறது. சிக்னலில் நின்றால் அனல். கேஸ் குறைவா?
– வாசகி, மதுரை

பதில்: முதலில் ஃபேனைப் பாருங்கள். ஓடும்போது எதிர்காற்று கன்டென்சரைக் குளிர்விக்கிறது. நின்றால் அந்த வேலை ஃபேனுடையது. எஞ்சினை ஓடவிட்டு, ஏ.சி. போட்டு, பானட்டைத் திறந்து ஃபேன் சுற்றுகிறதா என்று கையைத் தள்ளி வைத்துக்கொண்டு பாருங்கள். சுற்றவில்லையா? வரிசையாகச் சோதியுங்கள்: ஃபியூஸ், அதே எண்ணுள்ள இன்னொரு ரிலேயை மாற்றிப் போட்டுப் பார்ப்பது, கனெக்டர் உருகியிருக்கிறதா என்பது, கடைசியாக மோட்டாருக்கு நேரடி 12 வோல்ட். லேசாகத் தட்டினால் மோட்டார் ஓடுகிறது என்றால் கார்பன் பிரஷ் தேய்ந்துவிட்டது.

ஃபேன் நன்றாகச் சுற்றினால், எஞ்சின் ஓடும்போதே கன்டென்சர் மேல் மட்டும் தண்ணீர் தெளியுங்கள். உடனே ஜில்லென்று வந்தால் கேஸை இப்போதைக்குத் தொட வேண்டாம். பெரும்பாலும் கன்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவே மண் அடைத்திருக்கும். மெதுவான தண்ணீரில் கழுவுங்கள், பிரஷர் வாஷர் ஃபின்களை மடக்கிவிடும்.

கேஜ் மாட்டினால், 35 டிகிரி நாளில் லோ பக்கம் (கம்ப்ரஸருக்குள் கேஸ் போகும் பக்கம்) 30–45, ஹை பக்கம் (வெளியே வரும் பக்கம்) 200–250 பி.எஸ்.ஐ. சுமாரான கணக்கு. நிற்கும்போது ஹை 300-ஐத் தாண்டினால் காற்றோட்டக் குறை அல்லது அளவுக்கு மீறிய கேஸ். லோ 80, ஹை 120 என்று இரண்டும் நெருங்கி நின்றால் கம்ப்ரஸர் சரியாக அழுத்தவில்லை.

கேள்வி: ஒரு மணி நேரம் ஓட்டினால் கூலிங் போய்விடுகிறது. அணைத்துவிட்டு மறுபடி போட்டால் சரியாகிறது.
– வாசகர், நாமக்கல்

பதில்: அந்த நேரத்தில் காற்றின் வேகமும் குறைகிறதா? குறைந்தால் கூலிங் காயிலில் ஐஸ் கட்டுகிறது. கேபின் ஃபில்டர் அடைத்திருக்கிறதா என்று கழற்றிப் பாருங்கள். அடுத்து, காயில் உறையும் முன் கம்ப்ரஸரை நிறுத்த வேண்டிய தெர்மிஸ்டரைச் (குளிரை அளக்கும் சென்சார்) சோதிக்கச் சொல்லுங்கள்.

காற்று அதே வேகத்தில் வந்து சூடாக மட்டும் இருந்தால் கம்ப்ரஸர் கிளட்ச்சைச் சந்தேகப்படலாம். தட்டுக்கும் புல்லிக்கும் இடைவெளி பெரும்பாலும் 0.3–0.6 மி.மீ.க்குள் இருக்க வேண்டும். தேய்ந்து இடைவெளி அதிகமானால், தட்டை இழுக்கும் மின்காந்தக் காயில் சூடேறி காந்தசக்தி குறையும்போது தட்டை இழுக்க முடியாது. ஃபீலர் கேஜில் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்) அளந்து, உள்ளே உள்ள ஷிம் (மெல்லிய வளையத் தகடு) ஒன்றை எடுத்தாலே பல சமயம் போதும். இதற்குப் போய் 'கம்ப்ரஸர் போச்சு' என்று பில் போட்டால் சம்மதிக்காதீர்கள். கிளட்ச்சே இல்லாத கம்ப்ரஸர் உள்ள கார்களுக்கு இது பொருந்தாது.

கேள்வி: லீக்கை அடைக்கும் திரவம் விற்கிறார்களே, ஊற்றலாமா?
– வாசகர், தஞ்சாவூர்

பதில்: வேண்டாம். பல வகைகள் ஈரம் பட்டதும் இறுகும். கேஸ் சிறு துளை வழியாகப் பாயும் உங்கள் எக்ஸ்பான்ஷன் வால்வ் உள்ளேயும்தான். பிறகு உங்கள் காரில் கேஸ் மெஷினை மாட்டவே ஒர்க்‌ஷாப்காரர் யோசிப்பார்.