கென்யாவில் தேர்தல் வந்தாலே கலவரம் வருவது ஏன்? அது வெறும் இனச்சண்டைதானா?

"வெறும் இனச்சண்டைதானா" என்று கேட்டிருக்கிறீர்கள், அதனால்தான் எழுதுகிறேன். ஊருக்கு வந்த நாளிலிருந்து இதே கேள்வியைக் கல்யாண வீட்டிலும் பஸ்ஸிலும் என்னிடம் கேட்டுவிட்டார்கள். பதில் சொல்லத் தொடங்கினால் பாதியில் எழுந்து போய்விடுகிறார்கள்.

உங்களுக்கு அங்கே வேலை வந்திருக்கிறது, 2027 ஆகஸ்டில் தேர்தல் என்பதால் யோசிக்கிறீர்கள் என்று நினைக்கிறேன்.

2007இல் நான் கிசுமுவில் ஒரு மொத்த விற்பனைக் கடையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். விக்டோரியா ஏரிக்கரை ஊர், லுவோ இன மக்கள் அதிகம், அதே இனத்தவரான எதிர்க்கட்சி வேட்பாளர் ரைலா ஒடிங்காவின் கோட்டை. அவர் கட்சிக்குச் சின்னம் ஆரஞ்சு. அந்த டிசம்பரில் சைக்கிள் டாக்சிக்காரர்கள் ஹேண்டில்பாரில் ஆரஞ்சுப் பழம் கட்டிக்கொண்டு ஓட்டினார்கள். 27ஆம் தேதி விடியுமுன்பே வரிசையில் நின்று, மாலையில் மை வைத்த விரலைத் தூக்கிக் காட்டிக்கொண்டு வந்தார்கள். அன்று யாரும் யாரையும் அடிக்கவில்லை.

அடுத்து வந்த மூன்று நாள்தான் எல்லாவற்றையும் கெடுத்தது. எண்ணிக்கையில் ரைலா நன்றாக முன்னால் போனார். அப்புறம் வித்தியாசம் குறைந்துகொண்டே வந்தது, சில தொகுதிகளின் முடிவு வரவே இல்லை. 30ஆம் தேதி மாலை, பத்திரிகைக்காரர்களை வெளியேற்றிவிட்டு, அரசு டிவியில் மட்டும் அறிவித்தார்கள்: சுமார் 2.3 லட்சம் ஓட்டில் அப்போதைய அதிபர் கிபாகி வெற்றி. இருட்டுவதற்குள் பதவிப் பிரமாணமும் முடிந்துவிட்டது. யார் ஜெயித்தார் என்று தனக்கே தெரியாது என்று தேர்தல் கமிஷன் தலைவர் கிவுயிட்டு சில நாள் கழித்துச் சொன்னார். நீங்களே சொல்லுங்கள், விடியுமுன் வரிசையில் நின்றவனுக்கு எப்படி இருக்கும்?

எங்கள் ஸ்டோர்கீப்பர் கிகுயு, கிபாகியின் இனம். வாட்ச்மேன் லுவோ. அறிவிப்பு வந்தபோது வாட்ச்மேன் கேட்டருகே ரேடியோவைக் காதோடு வைத்துக்கொண்டு அழுதார். பெரியவர், பேரன் பேத்தி எடுத்தவர். ஒரு மணி நேரத்தில் தெருவில் "நோ ரைலா, நோ பீஸ்" என்று கத்திக்கொண்டு கூட்டம் வந்தது. நான் மாடியில் இருந்தேன். ஸ்டோர்கீப்பரை என் வீட்டுச் சாமான் அறையில் மாவு மூட்டைகளுக்குப் பின்னால் உட்கார வைத்திருந்தோம். கூட்டம் கேட்டைத் தட்டி, "உள்ளே கிகுயு இருக்கிறானா" என்று கேட்டது. ஐந்து நிமிஷம் முன்பு வரை அழுதவர், ருங்கு என்கிற அந்தக் கட்டைத் தடியை ஊன்றி நின்று, "இங்கே முஹிந்திகள் மட்டும்தான்" என்றார். முஹிந்தி என்றால் இந்தியன். கண் இன்னும் ஈரமாகத்தான் இருந்தது.

இரண்டு ராத்திரி அப்படி. விளக்குப் போடவில்லை. மூன்றாம் நாள் ஸ்டோர்கீப்பரைப் போலீஸ் ஸ்டேஷனில் கொண்டு விட்டோம், அங்கிருந்து லாரியில் நகுரு போனார். ஜனவரிக் கடைசியில் வாட்ச்மேனின் தம்பி நைவாஷா பூப்பண்ணையிலிருந்து உடுத்திய சட்டையோடு வந்து சேர்ந்தார். அங்கே கிகுயுக்கள் லுவோக்களைத் துரத்தினார்கள். இரண்டு பக்கமும் நடந்தது. அதைச் சொல்லாமல் விட்டால் நான் ஒரு கட்சிக்காரன் என்பீர்கள், அதனால் சொல்கிறேன். நாடு முழுவதும் 1,100 பேருக்கு மேல் செத்தார்கள், ஆறு லட்சம் பேர் வீடிழந்தார்கள். கிசுமு பக்கம் செத்தவர்களில் பெரும்பாலோர் போலீஸ் குண்டுக்குத்தான் பலியானார்கள். இனச்சண்டை என்பவர்கள் அதைச் சேர்த்துச் சொல்வதே இல்லை.

ரிஃப்ட் பள்ளத்தாக்கில் கதை வேறு, அங்கே வேர் நிலம். வெள்ளைக்காரன் பிடுங்கிய நிலம் சுதந்திரத்துக்குப் பிறகு பழைய சொந்தக்காரர்களுக்கு முழுசாகத் திரும்பவில்லை. வெளியிலிருந்து வந்து வாங்கியவர்கள் நிறைய, அதில் கிகுயுக்கள் அதிகம். 1992லும் 1997லும் தேர்தலோடு சேர்த்து அதைத் தூண்டிவிட்டார்கள். 2008 புத்தாண்டன்று எல்டொரெட் அருகே கியம்பாவில் சர்ச்சில் ஒளிந்திருந்த கிகுயுக்களை சர்ச்சோடு கொளுத்தினார்கள். ஆனால் பாருங்கள், அந்தப் பகுதியில் அடித்துக்கொண்ட பழைய குடிகளான கலெஞ்சின்களும், குடியேறிய கிகுயுக்களும் 2013இல் சேர்ந்து, கிகுயுவான உஹுரு கென்யாட்டாவை அதிபராகவும் கலெஞ்சினான ரூட்டோவைத் துணை அதிபராகவும் ஜெயிக்க வைத்தார்கள். பிறவிப் பகை என்றால் ஐந்து வருஷத்தில் தலைவர்கள் கைகோத்ததும் மாறுமா?

2010இல் புது அரசியல் சாசனம் வந்தது. 2017இல் உச்ச நீதிமன்றம் அதிபர் தேர்தலையே செல்லாது என்றது, ஆப்பிரிக்காவில் அதுதான் முதல் தடவை. அந்த வருஷமும் போலீஸ் சுட்டு ஆட்கள் செத்தார்கள், எல்லாம் சரியாகிவிட்டது என்று நான் சொல்லவில்லை. 2022இல் ஒவ்வொரு வாக்குச்சாவடியின் முடிவுத் தாளையும் இணையத்தில் போட்டார்கள், யார் வேண்டுமானாலும் கூட்டிப் பார்க்கலாம். ரூட்டோ 50.49 சதவீதம், ரைலா 48.85. இவ்வளவு நெருக்கம், கமிஷனர்களில் நான்கு பேர் ஏற்க மறுத்தார்கள், ஆனாலும் வழக்கு கோர்ட்டுக்குத்தான் போனது, 2008 திரும்பவில்லை. ஜனங்கள் அதே ஜனங்கள்தான். இந்தத் தடவை கணக்கைத் திறந்து காட்டினார்கள். கணக்கு எழுதிப் பிழைத்தவன் என்பதால் இப்படிச் சொல்கிறேன் என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள்.

ரைலா 2025 அக்டோபர் 15 அன்று நம் பக்கத்தில், கேரளத்துக் கூத்தாட்டுகுளத்தில், சிகிச்சைக்கு வந்த இடத்தில் காலமானார். வாட்ச்மேனின் மகன் வாட்ஸ்அப்பில் கேட்டான்: "பாபா இறந்த இடம் உங்கள் வீட்டுக்குப் பக்கமா?" பாபா என்றால் அப்பா, ரைலாவை அப்படித்தான் கூப்பிடுவார்கள். ஒரு ராத்திரிப் பயணம் என்று எழுதினேன்.

கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், மனதில் கிடந்து அரிக்கிறது. கடை மூடிக் கிடந்த அந்த ஜனவரிக்கு எனக்குச் சம்பளம் தரவில்லை. ஊருக்குப் போகலாம் என்றால் பாஸ்போர்ட் முதலாளியின் பெட்டியில். அவர் குடும்பத்தோடு நைரோபிக்குப் பறந்துவிட்டார், சாவியும் அவரோடு. சென்னையில் அனுப்பிவைத்த ஏஜென்ட் போனையே எடுக்கவில்லை. நீங்கள் தாராளமாகப் போங்கள், நல்ல ஊர், நல்ல ஜனங்கள். தேர்தல் வாரத்துக்கு மாவும் போன் பேலன்ஸும் முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பாஸ்போர்ட்டை மட்டும் யார் கேட்டாலும் கொடுக்காதீர்கள்.