மின் அடுப்புக்கு எந்த வயர்? ஒரு வயர்மேனின் கேள்வி பதில்

திருச்சி பக்கம் 20 வருடத்துக்கு மேலாக வீட்டு வயரிங் வேலை செய்கிறேன். இப்போது கேஸோடு மின் அடுப்பும் பல வீடுகளுக்கு வந்துவிட்டது. அதன் வயர் பற்றி நண்பர்கள் கேட்ட கேள்விகளும் என் பதில்களும் இவை.

கேள்வி: அண்ணா, 2000 வாட் இன்டக்‌ஷன் அடுப்பு வாங்கியிருக்கிறோம். பிளக் பெரியதாக இருக்கிறது. மிக்ஸி போடும் பாயிண்டிலேயே கன்வர்ட்டர் பிளக் வைத்து ஓட்டலாமா?

பதில்: கூடாதும்மா. 2000 வாட்டை 230 வோல்ட்டால் வகுத்துப் பாருங்கள், கிட்டத்தட்ட 8.7 ஆம்பியர் வரும். உங்கள் மிக்ஸி பாயிண்ட் 6 ஆம்பியருக்கானது. உள்ளே பெரும்பாலும் 1 அல்லது 1.5 ஸ்கொயர் எம்.எம். வயர்தான் இருக்கும் (உள்ளே இருக்கும் கம்பியின் தடிமன் அளவு இது, சுருக்கமாக ஸ்கொயர் என்போம்). அதே வயரில் லைட்டும் ஃபேனும் சேர்ந்து ஓடும். பெரிய பிளக் சிறிய ஓட்டையில் நுழையாமல் இருப்பதே ஒரு பாதுகாப்பு. கன்வர்ட்டர் போட்டால் அந்தப் பாதுகாப்பு போய்விடும்.

மிக்ஸி மட்டும் 750 வாட் இழுக்கிறதே என்று கேட்பீர்கள். அது சட்னி அரைக்க இரண்டு நிமிடம் ஓடி நின்றுவிடும். அடுப்போ சாதம், குழம்பு, பொரியல் என்று ஒரு மணி நேரம் ஓடும். வயருக்கு ஆற நேரமே கிடைக்காது. கரண்ட் இரண்டு மடங்கானால் வயரில் உண்டாகும் சூடு நான்கு மடங்காகும். அதனால்தான் கொஞ்சம் கூடுதல் லோடு என்று எதையும் விட முடியாது.

மெயின் போர்டிலிருந்து தனியாக ஒரு லைன் இழுங்கள். 2.5 ஸ்கொயர் காப்பர் வயர், 16 ஆம்பியர் எம்.சி.பி. (லோடு கூடினால் தானாக விழுந்து கரண்டை நிறுத்தும் சுவிட்ச்), 16 ஆம்பியர் சாக்கெட். பைப்புக்குள் போகும் 2.5 வயர் சுமார் 20 ஆம்பியர் வரை தாங்கும், அடுப்புக்குத் தாராளம்.

கேள்வி: மாடுலர் கிச்சனில் நான்கு பர்னர் உள்ள மின் ஹாப் (சமையல் மேடையிலேயே பதிக்கும் அடுப்பு) பதிக்கிறோம், 7.4 கிலோவாட். நான்கும் ஒரே நேரத்தில் எரியாது, 4 ஸ்கொயர் போதும் என்கிறார் காண்ட்ராக்டர். சரியா?

பதில்: அன்றாடச் சமையலுக்கு அவர் சொல்வது நடக்கும். ஆனால் பொங்கல், தீபாவளி அன்று வீடு நிறைய ஆட்கள் இருக்கும்போது நான்கும் எரியும். அப்போது 32 ஆம்பியர் ஓடும். பைப்புக்குள் இருக்கும் 4 ஸ்கொயர் வயருக்கு 27, 28 ஆம்பியருக்கு மேல் கொடுக்கக் கூடாது. டைல்ஸ் ஒட்டிய பிறகு வயரை மாற்றுவது எவ்வளவு பெரிய வேலை என்று வீடு கட்டியவர்களுக்குத் தெரியும்.

குறைந்தது 6 ஸ்கொயர் போடச் சொல்லுங்கள், 32 ஆம்பியர் எம்.சி.பி.யோடு. மெயின் போர்டு தூரமாக இருந்தாலோ, வேறு லைன்களும் அதே பைப்பில் போனாலோ, பைப் மொட்டை மாடித் தளத்துக்குள் ஓடினாலோ 10 ஸ்கொயருக்குப் போய்விடுங்கள். சித்திரை வெயிலில் அந்தத் தளம் கொதிக்கும். சுற்றியிருக்கும் சூடு ஏற ஏற வயர் தாங்கும் அளவு குறையும். இந்த ஹாப்புக்கு பிளக் கிடையாது, நேரடி இணைப்புதான். பக்கத்தில் கை எட்டும் இடத்தில், ஃபேஸ், நியூட்ரல் இரண்டையும் துண்டிக்கும் 32 ஆம்பியர் டி.பி. சுவிட்ச் வேண்டும். ஹாப்புக்கு நேர் மேலே வைக்காதீர்கள்.

உங்கள் வீடு த்ரீ ஃபேஸ் என்றால் இன்னொரு வழி இருக்கலாம். பல ஹாப்களை இரண்டு ஃபேஸில் பிரித்துக் கொடுக்கலாம், அப்போது ஒவ்வொன்றிலும் 16 ஆம்பியர் அளவுதான் வரும். ஹாப்பின் அடியில் ஒட்டியிருக்கும் இணைப்புப் படத்தைப் பார்த்து முடிவு செய்யுங்கள். ஈ.பி.யில் வாங்கியிருக்கும் லோடு இதற்குப் போதுமா என்பதையும் முன்பே கேட்டுவிடுங்கள்.

கேள்வி: அடுப்பு போட்டு அரை மணி நேரத்தில் எம்.சி.பி. விழுகிறது. 16ஐ எடுத்துவிட்டு 32 போட்டால் சரியாகிவிடும் என்கிறார்கள்.

பதில்: தயவுசெய்து அதை மட்டும் செய்யாதீர்கள். எம்.சி.பி. இருப்பது அடுப்பைக் காப்பதற்கு அல்ல, சுவருக்குள் இருக்கும் வயரைக் காப்பதற்கு. 2.5 வயரில் 32 எம்.சி.பி. போட்டால் வயர் வெந்தாலும் அது விழாது. அப்படிச் செய்திருந்த ஒரு வீட்டில் பைப்பிலிருந்து வயரை உருவினேன். மேல் உறை பழுப்பாகி, தொட்டாலே அப்பளம் மாதிரி நொறுங்கியது. அந்த வீட்டில் இரண்டு சின்னப் பிள்ளைகள். இன்றைக்கும் அது என் கண்ணில் நிற்கிறது.

கணக்கு இதுதான்: அடுப்பு இழுக்கும் கரண்டை விட எம்.சி.பி. குறையக் கூடாது, எம்.சி.பி.யை விட வயர் தாங்கும் அளவு குறையக் கூடாது. உங்கள் வீட்டில் ஓவனோ கெட்டிலோ அதே லைனில் இருக்கும், அல்லது எம்.சி.பி.யில் ஸ்க்ரூ தளர்ந்து சூடாகும். முதலில் அவற்றைப் பார்க்கச் சொல்லுங்கள்.

கேள்வி: அப்பா கட்டிய பழைய வீடு. 3/20 வயர் என்கிறார். அதில் மின் அடுப்பு போடலாமா?

பதில்: 3/20 என்றால் 20 கேஜ் கம்பி மூன்று. இன்றைய கணக்கில் சுமார் 2 ஸ்கொயர். கணக்குப்படி ஒரு இன்டக்‌ஷன் அடுப்பு ஓடும். ஆனால் அந்தக் கால வயரின் உறை காய்ந்து வெடித்திருக்கும், சில வீடுகளில் கம்பி அலுமினியமாகவும் இருக்கும். அதை நம்பி அடுப்பு போட வேண்டாம், தம்பி. சுவரை உடைக்க மனமில்லை என்றால் சுவர் மேலாகவே கேசிங் கேப்பிங் (மூடி போட்ட பிளாஸ்டிக் பட்டை) அடித்து, சமையலறைக்கு மட்டும் புது லைன் கொண்டுபோகலாம். பழைய அலுமினியத்தோடு புதுக் காப்பரை முறுக்கி டேப் சுற்றும் வேலை மட்டும் வேண்டாம். அந்த இடம்தான் முதலில் கருகும்.

கேள்வி: எஃப்.ஆர்., எஃப்.ஆர்.எல்.எஸ். இதில் எது வாங்குவது? போலி வயரை எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: எஃப்.ஆர். தீயைப் பரவ விடாது. எஃப்.ஆர்.எல்.எஸ். அதோடு புகையையும் குறைவாக விடும். சமையலறைக்கு நான் இரண்டாவதைத்தான் போடுகிறேன். ஆனால் இந்த எழுத்துகளைப் பார்த்து மெல்லிய வயர் வாங்கிவிடாதீர்கள், தடிமன் கணக்கு மாறாது.

போலிக்கு எடை நல்ல சோதனை. 90 மீட்டர் 2.5 ஸ்கொயர் காயிலில் காப்பர் மட்டுமே சுமார் 2 கிலோ இருக்க வேண்டும். உறையோடு சேர்த்தே 2 கிலோ வரவில்லை என்றால் கடையிலேயே வைத்துவிட்டு வாருங்கள். ஒரு இழையைக் கத்தியால் சுரண்டுங்கள். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அது காப்பர் பூசிய அலுமினியம். ஐ.எஸ்.ஐ. முத்திரையும் ஐ.எஸ். 694 என்ற எண்ணும் வயர் மேலேயே அச்சாகியிருக்கும்.

கேள்வி: சுருள் அடுப்பில் பாத்திரத்தைத் தொட்டால் சுர்ரென்று அடிக்கிறது. எர்த் இல்லை. நியூட்ரலையும் எர்த்தையும் சேர்த்துவிடலாம் என்றார் ஒருவர்.

பதில்: உடனே அடுப்பை நிறுத்துங்கள். சாக்கெட்டில் அப்படிச் சேர்த்தால், நியூட்ரல் எங்காவது அறுந்த நொடியே அடுப்பின் உடம்பு முழுக்க 230 வோல்ட் வந்து நிற்கும். ஃபேஸ் வயரின் அதே தடிமனில் பச்சை வயரை எர்த் குழி வரை கொண்டுபோக வேண்டும். மெயினில் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி.யும் (கரண்ட் கசிந்தால் உடனே துண்டிக்கும் சுவிட்ச்) வேண்டும். லைசென்ஸ் உள்ளவரை வைத்துச் செய்யுங்கள். அடுப்பையும் பழுது பார்க்கக் கொடுங்கள், உள்ளே லீக் இருக்கிறது.

கேள்வி: 700 வாட் ரைஸ் குக்கருக்கும் தனி லைன் வேண்டுமா?

பதில்: வேண்டாம்மா, 3 ஆம்பியர்தான். மிக்ஸி பாயிண்டே போதும். எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் இஸ்திரிப் பெட்டியோடு சேர்த்து மட்டும் ஓட்டாதீர்கள்.