நர்ஸம்மா என்றைக்கு வருவாங்க? (வாசகர் கேள்வி, அக்கா பதில்)

கேள்வி: அக்கா, எங்கள் கிராமம் ஒடுகத்தூரிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது. துணை சுகாதார நிலையம் கட்டி வெள்ளையடித்து வைத்திருக்கிறார்கள், எப்போது போனாலும் பூட்டு. ஆரம்ப சுகாதார நிலையம் ஒன்பது கிலோமீட்டர், பஸ் காலையில் ஒரு நடை, சாயந்திரம் ஒரு நடை. தனி ஆஸ்பத்திரி கேட்டு கலெக்டரிடம் மனு கொடுக்கலாம் என்று இளைஞர்கள் சேர்ந்து முடிவு செய்திருக்கிறோம். நடக்குமா?
- அணைக்கட்டு வட்டத்து வாசகர்

பதில்: கொடுங்கள் தம்பி, தடுக்கவில்லை. ஆனால் சமவெளியில் 30,000 பேருக்கு ஒரு ஆரம்ப சுகாதார நிலையம், 5,000 பேருக்கு ஒரு துணை நிலையம், மலைப்பகுதி என்றால் 20,000, 3,000 என்பதுதான் அரசாங்கத்தின் கணக்கு. உங்கள் ஊர் ஜனத்தொகையை அதில் வைத்துப் பார்த்தால் ஃபைல் முதல் மேசையிலேயே படுத்துக்கொள்ளும்.

இருக்கிறதைத் திறக்க வைப்பதுதான் முதல் வேலை. நானும் கிராம சுகாதார செவிலியராக அலைந்தவள், அதனால் அந்தப் பக்கமும் கொஞ்சம் பேசுவேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். ஒரு நர்ஸம்மாவுக்கு நாலைந்து குக்கிராமம், கர்ப்பிணி வீடு, பிறந்த குழந்தை வீடு, புதன்கிழமை தடுப்பூசி, நடுவில் மீட்டிங், போதாததற்கு எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் ஏற்றுகிற வேலை. பூட்டியிருந்தால் ஆள் வரவில்லை என்றுதான் அர்த்தம் என்பதில்லை, பக்கத்து ஊரில் இருக்கலாம். (வராமலே சம்பளம் வாங்குகிறவர்களும் உண்டு, மறைக்க மாட்டேன்.) எது எது என்று ஊருக்குத் தெரிய வழியில்லை, அதுதான் கோளாறு.

ஒரு நாள் என் நிலையத்துக் கதவில் யாரோ கரிக்கட்டையால் 'இன்னிக்கும் இல்ல' என்று எழுதிவிட்டுப் போயிருந்தார்கள். நான் அந்த நேரம் காலனியில் ஒரு பிள்ளைத்தாய்ச்சிக்கு பி.பி. பார்த்துக்கொண்டிருந்தேன். எரிச்சலாகத்தான் இருந்தது. மறுநாள் சாக்பீஸ் வாங்கி அதே கதவில் திங்கள் எங்கே, செவ்வாய் எங்கே, என் போன் நம்பர் என்ன என்று எழுதிப் போட்டேன். அப்புறம் கரி எழுத்து வரவில்லை, போன்தான் ராத்திரியெல்லாம் வந்தது, அது வேறு கதை.

நம்ம வேலூர்க்காரர்களுக்கு இது புதுசும் இல்லை. நூறு வருஷத்துக்கு முன்னாலேயே டாக்டர் ஐடா ஸ்கடர் குடியாத்தம் போகிற சாலையில் மரத்தடிகளில் நிறுத்தி வைத்தியம் பார்த்தார். அங்கே கட்டடம் ஏது? இந்த நாளில் இந்த மரத்தடிக்கு டாக்டரம்மா வருவார் என்று ஊருக்குத் தெரிந்திருந்தது, அதனால் சனம் காத்திருந்தது.

ஆகவே மனுவைக் கொஞ்சம் மாற்றி எழுதுங்கள். எந்தக் கிழமை எந்த நேரம் நிலையம் திறந்திருக்கும் என்று போர்டு வைக்கச் சொல்லி கிராம சபையில் தீர்மானம் போடுங்கள், ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று வருஷத்துக்கு ஆறு முறை கூடுகிறது. தீர்மானப் புத்தகத்தில் ஏறியதா என்று நின்று பார்த்துவிட்டு வாருங்கள். அந்த நகலோடு வட்டார மருத்துவ அலுவலரைப் பாருங்கள். இன்னொன்று, உங்கள் காலை பஸ் போய்ச் சேருகிற நேரமும் சுகாதார நிலையத்தில் ஓ.பி. சீட்டு போடுகிற நேரமும் ஒத்துப்போகிறதா? ஒரு பஸ்ஸை முக்கால் மணி நேரம் தள்ளிவிடச் சொல்லி டெப்போவில் கேட்பது, ஒரு ஆஸ்பத்திரி கேட்பதைவிட எவ்வளவோ சுலபம்.

கேள்வி: அம்மாவுக்கு சுகர், பி.பி. இரண்டும். மாசா மாசம் வேலூருக்கு அழைத்துப்போய் மாத்திரை வாங்குகிறேன், ஒரு நாள் கூலி போகிறது. வேறு வழி?
- கே.வி.குப்பம் வாசகி

பதில்: 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' உங்கள் அம்மா மாதிரி ஆட்களுக்காகத்தான். ஒரு தடவை ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துப்போய், இப்போது சாப்பிடுகிற மாத்திரை அட்டைகளை மேசையில் வைத்து, பெயரைப் பதிந்துவிடுங்கள். பிறகு தன்னார்வலர் வீட்டுக்கே கொண்டுவந்து கொடுப்பார். மாத்திரையின் கலரும் சைஸும் மாறினால் பயந்து நிறுத்திவிடாதீர்கள், கம்பெனி வேறு, மருந்து அதேதான். சந்தேகம் இருந்தால் அட்டையில் இருக்கிற பெயரை நர்ஸிடம் காட்டிக் கேளுங்கள். ஆனால் மாத்திரை வீடு தேடி வருகிறது என்று ரத்தப் பரிசோதனையை விட்டுவிடக் கூடாது. கால் விரல் இடுக்கில் புண் இருக்கிறதா என்று வாரம் ஒரு தடவை நீங்களே குனிந்து பாருங்கள், அம்மாவால் குனிய முடியாது.

கேள்வி: நாங்கள் மலைமேல் இருக்கிறோம். ராத்திரியில் பாம்பு கடித்தால் என்ன செய்வது? ஆம்புலன்ஸ் மேலே வராது.
- பீஞ்சமந்தை பக்கத்து வாசகர்

பதில்: 2023-ல் அல்லேரி மலையில் பாம்பு கடித்த சின்னக் குழந்தை பிழைக்கவில்லை, சாலை இல்லாததால் உடலைத் தாயே கையில் ஏந்திக்கொண்டு மேலே நடந்தாள். உங்கள் கடிதத்தைப் படித்ததும் அதுதான் கண்முன் வந்தது. ரோடு கேட்பதை நிறுத்தவே நிறுத்தாதீர்கள்.

அதுவரைக்கும்: கயிறு கட்டாதீர்கள், பிளேடால் கீறாதீர்கள், வாய் வைத்து உறிஞ்சாதீர்கள், பச்சிலை அரைக்க உட்காராதீர்கள். கடிபட்டவரை நடக்க விடக் கூடாது. கடித்த காலை ஒரு குச்சி வைத்து ஆடாமல் துணியால் லேசாகக் கட்டுங்கள், இறுக்கம் வேண்டாம். கிளம்புவதற்கு முன்னாலேயே 108-க்கு போன் செய்து எந்த இடத்தில் சந்திப்பது என்று பேசிவிடுங்கள், அடிவாரத்துக்கு வந்த பிறகு கூப்பிட்டால் அங்கே உட்கார்ந்து காத்துக்கிடக்க வேண்டும். மேலே எந்தப் பாறையில் நின்றால் சிக்னல் கிடைக்கும் என்பது உங்களுக்குத்தான் தெரியும், ஊரில் எல்லாப் பிள்ளைகளுக்கும் காட்டி வையுங்கள்.

டோலியைப் பற்றி ஒரு வார்த்தை. போர்வையை மூங்கிலில் கட்டித் தூக்கும்போது ஆள் வளைந்து தொங்குவார், வாந்தி எடுத்தால் மூச்சுக்குழலுக்குள் போகும். ஒருக்களித்துப் படுக்க வைத்து, ஒருவர் தலைப்பக்கமே பார்த்துக்கொண்டு வரவேண்டும். வழி அகலமாக இருந்தால் கயிற்றுக் கட்டிலோடு தூக்குங்கள், அதுதான் மேல்.

கட்டுவிரியன் கடித்தால் பல்லடையாளம்கூடத் தெரியாது, வலியும் பெரிதாக இருக்காது. தரையில் படுத்தவர் நடுராத்திரியில் வயிற்றுவலி என்று எழுந்து, இமை கனத்துப்போய் கண்ணைத் திறக்க முடியவில்லை என்றால் விடியட்டும் என்று இருக்காதீர்கள். விஷமுறிவு மருந்து ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே இருக்கிறது, மூச்சு திணறினால் அங்கிருந்து அடுக்கம்பாறை மருத்துவக் கல்லூரிக்கு அனுப்பிவிடுவார்கள். பாம்பை அடித்துத் தூக்கிக்கொண்டு வர வேண்டியதில்லை, டாக்டர் பாம்பைப் பார்த்து மருந்து போடுவதில்லை.

கேள்வி: மனைவிக்கு இரண்டாம் மாதம். முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டப் பணம் எங்களுக்குக் கிடைக்குமா, புரோக்கர் ஒருவர் ஆயிரம் கேட்கிறார்.
- குடியாத்தம் வாசகர்

பதில்: தலைப்பிரசவமா, இரண்டாவதா என்று எழுதவில்லையே! முதல் இரண்டு பிரசவத்துக்குத்தான் அந்தத் திட்டம், ஊட்டச்சத்துப் பெட்டியையும் சேர்த்து 18,000 ரூபாய். புரோக்கருக்கு இதில் எந்த வேலையும் இல்லை. பன்னிரண்டு வாரத்துக்குள் நர்ஸம்மாவிடம் பதிவு செய்யவேண்டும், உங்கள் மனைவி பெயரிலேயே வங்கிக் கணக்கு இருக்கவேண்டும், மாமியார் கணக்கு உதவாது. நர்ஸம்மா எந்தக் கிழமை வருவார் என்று தெரியாவிட்டால், முதல் கேள்வியை எழுதின தம்பிக்குச் சொன்னதைப் படியுங்கள்.