மூளை ஆராய்ச்சிக்குக் கணக்கும் வேண்டும்

அன்புள்ள அம்மா,

பெங்களூரு அல்சூரிலிருந்து நீங்கள் எழுதியதைப் படித்தேன். பத்தாவது முடித்த மகளுக்கு டாக்டர் படிப்பு வேண்டாமாம். மூளை செல்லில் ஏற்பிப் புரதங்கள் எங்கே இருக்கின்றன என்று ஆராயப் போகிறாளாம். இதெல்லாம் ஒரு வேலையா என்று பயந்திருக்கிறீர்கள்.

வேலைதான் அம்மா, நல்ல வேலை. ஏற்பி என்பது ஹார்மோன், மருந்து போன்றவை வந்து ஒட்டிக்கொள்ளும் புரதம். அது செல்லின் வெளிச்சவ்வில் இருப்பது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். நரம்பணுக்கள் செய்தி அனுப்பப் பயன்படுத்தும் குளூட்டமேட் என்ற வேதிப்பொருளின் ஏற்பிகள் அப்படித்தான். பக்கத்து நரம்பணு வந்து தொடும் இடத்தில், செய்தி வாங்கும் கிளையான டென்ட்ரைட்டின் சின்னச் சின்ன முட்களில் குவிந்திருக்கும். கஞ்சாவின் போதைப்பொருள் பற்றிக்கொள்ளும் சிபி1 ஏற்பியோ பெரும்பாலும் எதிர்ப்பக்கம், செய்தி அனுப்பும் இழையான ஆக்ஸானின் முனையில் இருக்கிறது. மன அழுத்த ஹார்மோனான கார்டிசாலுக்கான ஏற்பி இன்னும் வேறு. செல்லுக்குள்ளேயே காத்திருந்து, கார்டிசால் வந்து ஒட்டியதும் உட்கருவுக்குள் போய் மரபணுக்களின் வேலையைக் கூட்டும், குறைக்கும். ஒரு மருந்து சவ்வைத் தாண்டி உள்ளே போக வேண்டுமா, வெளியிலேயே வேலை முடியுமா என்பது இந்த இடத்தைப் பொறுத்தது. பதினாறு வயதில் இந்தக் கேள்வி பிடித்திருக்கிறதே, அதைக் கெடுத்துவிடாதீர்கள்.

ஆனால் பி.யு.சி.யில் (பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்பில்) கணக்கை விட்டுவிடுகிறேன் என்கிறாளே, அதற்கு மட்டும் சம்மதிக்காதீர்கள். நம் ஊர் இந்திய அறிவியல் கழகமான ஐஐஎஸ்சியின் நான்கு வருட பி.எஸ். படிப்பில் உயிரியலை முதன்மையாக எடுக்கலாம். ஆனால் சேர்வதற்கு பன்னிரண்டாவதில் இயற்பியல், வேதியியல், கணக்கு மூன்றும் படித்திருக்க வேண்டும். இந்த மூன்றோடு உயிரியலும் சேர்ந்த பிசிஎம்பி எடுத்தால், டாக்டர் படிப்புக்கான நீட் கதவும் திறந்தே இருக்கும்.

அப்புறம் பணம். பிஎச்.டி. முடிய இருபத்தெட்டு, முப்பது வயது ஆகிவிடும். நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வில் தேறி, ஜேஆர்எஃப் என்ற ஆராய்ச்சி உதவித்தொகை கிடைத்தால் மாதம் 37,000 ரூபாய். 2023 முதல் இதுதான் தொகை. அவள் சம்பளத்தை நம்பித்தான் வீட்டுக்கடன் அடைய வேண்டும் என்றால் இப்போதே அவளிடம் சொல்லிவிடுங்கள்.

வெளியூர் அனுப்ப வேண்டுமே என்ற கவலை வேண்டாம். ஐஐஎஸ்சியில் நரம்பியல் மையம் இருக்கிறது, பெல்லாரி ரோட்டில் உயிரியல் ஆராய்ச்சி மையமான என்சிபிஎஸ், ஓசூர் ரோட்டில் மனித மூளைத் திசுக்களைச் சேமித்து வைத்திருக்கும் நிம்ஹான்ஸ் மனநல, நரம்பியல் மருத்துவமனை. ஐஐஎஸ்சியில் வருடத்துக்கு ஒருநாள் பொதுமக்களை உள்ளே விடுவார்கள். அன்றைக்கு அவளோடு நீங்களும் போங்கள். அங்கே ஆராய்ச்சி செய்யும் பிள்ளைகளிடம் எத்தனை வருடம் ஆனது, கையில் எவ்வளவு வருகிறது என்று தயங்காமல் கேளுங்கள்.